ராணிக்கு வந்த வியாதி

ஒரு கோழிக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக உத்தியோகஸ்தர் ஒருவர் மூன்று நாள் லீவு எடுத்தார் என்று கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாம் எடுத்தோம். விண்ணப்பத்தில், "குடும்பத்தில் ஒருவருக்குக் கடுமையான நோய்" என்று எழுதினோம். மேலதிகாரி மிகுந்த அநுதாபத்துடன் டெலிபோனில், "யாருக்கு, தாயாருக்கா?" என்று விசாரித்தார். "இல்லை, ராணிக்கு" என்றோம். ராணி என்பது நம் புதல்வியின் பெயர் என்று அவர் எண்ணிக்கொண்டார். "குழந்தையை உடனே நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி, லீவும் கொடுத்துவிட்டார். அந்தத் தவறான எண்ணத்தை நாம் இன்று வரையில் திருத்தவில்லை. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டால் தானே திருந்திவிடும்.

ராணி ஒரு நாட்டுக் கோழி. செவலை நிறம், கழுத்தைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் ஒன்று. பக்கத்து வீட்டுப் பெரியம்மாளின் கோழி பொரித்த குஞ்சுகளில் ஒன்றை, நம் குழந்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, அந்த அம்மாள் அவள் கையில் வைத்து மூடிக் கொடுத்தாள். அப்போது அது ஓர் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. மூன்று வருஷத்தில் அது நம் வீட்டில் அடைந்த அந்தஸ்தை நாமே அடைந்தோமா என்பது சந்தேகம். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை தெருமுனையில் திரும்பும்போதே ராணி வாசற்படியில் வந்து நிற்கும். நாம் பத்திரிகை படிக்க உட்கார்ந்தால் நாற்காலியின் கைப்பிடியில் ஏறி அமர்ந்து, ஒரு கண்ணால் தலையங்கத்தைப் பார்க்கும். அதன் முட்டையை உண்டோமே தவிர, அதையே உண்ணலாம் என்ற நினைப்பு அந்த வீட்டில் யாருக்கும் ஒரு நாளும் வந்ததில்லை.

நாம் குடியிருப்பது கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில். மேற்கே மலைச் சுவர். அதற்கு அப்பால் கேரளம். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இட்ட சுரங்க வழியாக இந்தப் பக்கம் இறங்கி, நெல்லுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் பாய்கிறது. கம்பம், கூடலூர்ப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைப் பந்தல். இவ்வளவு செழிப்பான பூமியிலும் செழிப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் பாய்வதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாளுக்கு நிலம் கிடையாது. கணவர் காலமாகி வெகு காலமாயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பேரன் மட்டும் பாட்டியோடு இருந்து படித்தான். பெரியம்மாளின் சொத்து 18 கோழிகள்: ஒரு பெரிய சேவல், 9 பெட்டை, வளர்ந்து வந்த 8 சேவற்குஞ்சுகள். நாட்டுக்கோழி முட்டை ஒன்றை 15 ரூபாய்க்கு விற்பாள். அந்த 8 சேவலையும் ஆனி மாதத்தில் விற்றுப் பேரனைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதாகத் திட்டம். நம் வீட்டில் கோழி செல்லப் பிராணி. வேலிக்கு அந்தப் பக்கம் அதுவே பாங்கிக் கணக்கு. இந்த வித்தியாசத்தை நாம் சரியாக உணர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இராது.

தமிழ்நாட்டில் கால்நடை இலாகாவார் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வார காலம் ஊர் ஊராகச் சென்று கோழிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் கோழிக் கழிச்சல் தலையெடுக்கும்; அதற்குள் அணை போட்டுவிட வேண்டும் என்பது நோக்கம். 2024 பிப்ரவரியிலும் நம் ஊருக்கு வந்தார்கள். முதல் நாள் மாலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவெல்லாம் சுற்றி அறிவித்தது. கோழிகளைக் காலையில் கூடு திறக்கும் முன்பே பிடித்துக் கூடையில் வைத்துக்கொள்ள வேண்டும். திறந்துவிட்டால் பிறகு ஊரே துரத்தினாலும் அகப்படா. ஆகவே அன்று இரவே பெரியம்மாள் வேலியருகே வந்து நின்றாள்.

"தம்பி, நாளைக்கு ராணியைக் கொண்டுபோவீகள்ல? எனக்கு முழங்காலு வலி, சாவடி வரைக்கும் சுமக்க ஏலாது. ரெண்டு கூடையிலே எடுத்து வைக்கிறேன். அதையும் சேர்த்துக் கொண்டுபோய்ட்டு வந்துருங்களேன்" என்றாள்.

நாம் பல காரணங்கள் சொன்னோம். ராணி தெருப் பொறுக்கும் கோழி அல்ல, வீட்டுக்குள் வளர்வது. அதற்கு நோய் எங்கிருந்து வரும்? இறக்கையில் ஊசியைக் குத்தினால் குழந்தை அழுவாள். காலையில் ஆபீஸுக்கு நேரமாகிவிடும். இவ்வளவும் சொல்லி முடித்து, "அடுத்த தடவை பார்க்கலாம், பெரியம்மா" என்றோம். அவள், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பத்திரிகை வழக்கத்தை ஒட்டி இக்கட்டுரை முழுவதிலும் 'நாம்' என்றே எழுதி வருகிறோம். இந்த 'நாம்' என்பதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. நன்மை செய்தால் புகழில் பங்கு கேட்க யாரும் வருவதில்லை. குற்றம் செய்தாலோ அது பலருடைய தலையில் பரவலாக விழுந்து பாரம் குறைந்துவிடும். ஆனால் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொன்னது ஒரே ஒரு வாய்தான். அந்த இடத்தில் 'நாம்' என்பதற்கு ஓர் ஆள் என்றே நேயர்கள் பொருள் கொள்ள வேண்டும்.

சித்திரை வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை என்றால் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலில் எட்டு நாள் இரவும் பகலும் ஜன சமுத்திரம். தீச்சட்டி ஏந்துவோரும், ஆயிரங்கண் பானை எடுப்போரும், பிள்ளைகளைத் தோளில் சுமந்து வருவோருமாக ஆறு தெரியாது. வீரபாண்டிய மன்னனுக்குப் போன பார்வையைத் திரும்பக் கொடுத்த தெய்வம் என்பது ஐதிகம். திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து உறவினர் வருவார்கள் அல்லவா? விருந்துக்கு என்று வாரச் சந்தையில் ஒரு சேவல் வாங்கினோம். கால்களைக் கட்டி இரண்டு நாள் கொல்லையில் போட்டிருந்தோம். அது சற்றுத் தும்மிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. "பஸ்ஸில் வந்த அலுப்பு" என்று நம் இல்லத்தரசி அபிப்பிராயப்பட்டாள். ராணி அதன் பக்கத்தில் போய் நின்று, அதன் தண்ணீர்ச் சட்டியிலேயே நீர் அருந்தி, விருந்தாளியை விசாரித்தது. மூன்றாம் நாள் சேவல் குழம்பாயிற்று. இறகையும் குடலையும் கொல்லையில் வேலியோரக் குப்பைமேட்டில் கொட்டினோம். அந்தக் குப்பைமேடு யார் வீட்டுக் கோழிகள் கிளறும் இடம் என்பதை அந்தச் சமயத்தில் நாம் நினைக்கவே இல்லை.

உறவினர் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் ராணி கூட்டை விட்டு இறங்கவில்லை.

எடுத்துப் பார்த்தால் உடம்பு கொதித்தது. இறகு சிலிர்த்து, இறக்கைகள் இரண்டும் தரையில் தொங்கின. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சிலும் கொறகொறவென்று ஒரு சப்தம். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல் கழிந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கோழி வளர்ப்பில் அநுபவமுள்ளவர்கள் அனைவரும் ஒரே முடிவைச் சொன்னார்கள்: "உசிரு இருக்கிறபோதே அறுத்துருங்க சார். செத்துப்போனா வீண்." இது கல் நெஞ்சத்தால் சொல்லும் வார்த்தை அன்று. ஏழை வீட்டில் சாகப்போகும் கோழியை வீணாக்காமல் இருப்பது எத்தனையோ தலைமுறைப் பழக்கம். நம் குழந்தை ஒன்றும் பேசவில்லை. ராணியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். அவளைத் தாண்டி ராணியிடம் போக யாருக்கும் துணிவு இல்லை.

பெரியம்மாள் மட்டும் அறுக்கச் சொல்லவில்லை. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் இவற்றை அம்மியில் அரைத்து உருண்டையாக உருட்டிக்கொண்டு வந்தாள். "நான் கொடுத்த குஞ்சாச்சே" என்று சொல்லி, ராணியைத் தன் மடியில் வாங்கி, வாயைத் திறந்து மெதுவாக ஊட்டினாள். கழிச்சல் பட்ட சேலைத் தலைப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய், தன் கோழிகளுக்கு இரை போட்டாள். நாம் நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். நோய்க்கு வேலி ஒரு தடையல்ல என்று அப்போது நமக்குத் தெரியாது.

பத்து மணிக்கு ராணியைப் பஞ்சாரத்தில் வைத்துத் துணியால் மூடிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயதில் இளையவர். கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். வேறு கோழிகள் செத்தனவா, வாத்து, காக்கை ஏதேனும் செத்துக் கிடந்ததா என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். காரணம் இருந்தது. 2024 ஏப்ரலில்தான் மலைக்கு அப்பால் ஆலப்புழை மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் கண்டிருந்தது. கோழி, வாத்து ஏற்றி வரும் வண்டிகளைப் பற்றி எல்லைப் பிரதேசத்தில் எல்லோருக்கும் கவலை. எனவே அவர் ராணியின் தொண்டையிலிருந்து பஞ்சினால் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "எனக்கு இது ராணிக்கெட் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்" என்றார்.

"ராணிக்கா? ராணிக்கு என்ன?" என்றாள் குழந்தை.

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். ராணிக்கெட் என்பது ஹிமாலயச் சாரலில் குமாவூன் பகுதியில் உள்ள ஓர் ஊர். 1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்திலும் கோழிகளைக் கொள்ளை கொண்டுபோன ஒரு புது நோய், அதை அடுத்து நம் நாட்டில் அந்த மலையூரில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டார் அதை நியூகாஸில் நோய் என்கிறார்கள். நாம் ராணிக்கெட் நோய் என்கிறோம். கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்கிறார்கள். பெயர் மூன்றாயினும் கிருமி ஒன்றே. அது 'வைரஸ்' வகையைச் சேர்ந்தது. உடலில் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில் குறி காட்டும். கழிச்சலிலும் சளியிலும் இருக்கும். தண்ணீர்ச் சட்டி, தீனி, செருப்பு, சேலைத் தலைப்பு, அறுத்த கோழியின் இறகு, குடல் எல்லாவற்றிலும் ஏறிச் செல்லும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறையும் கொண்டுபோய்விடக்கூடும்.

நாம் விரல்விட்டு எண்ணினோம். சந்தைச் சேவல் வந்து சரியாக ஆறு நாள்.

"இதற்கு மருந்து இல்லையா, டாக்டர்?"

"வந்த பின் இல்லை, சார். வருமுன் உண்டு."

அந்த மருந்தின் கதையையும் சொன்னார். ராணிக்கெட் இருக்கும் அதே குமாவூன் மலையில் முக்தேசுவரம் என்னுமிடத்தில் சர்க்காரின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 1893 முதல் இருக்கிறது. அந்தக் கிருமியைக் கோழியின் கருமுட்டைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அதன் வீரியத்தைத் தணித்து, நோயையே நோய்க்குக் காவலாக்கும் மருந்து 1940-களில் உருவாயிற்று. முக்தேசுவரத்தின் பெயராலேயே அது வழங்குகிறது. நம் மாகாணத்தில் 1932-இல் ராணிப்பேட்டையில் தொடங்கிய சர்க்கார் நிலையம் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. கோழிக் கழிச்சலுக்கும் அங்கே மருந்து ஆகிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஓர் ஊசி. முடிந்தது காரியம்.

"உங்கள் ஊரில் பிப்ரவரியில் முகாம் போட்டேனே, ராணி வந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

நம் குழந்தை நம் முகத்தைப் பார்த்தாள்.

ராணிக்கெட்டில் வந்த நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து இருக்கிறது. அது நம் ஊர்ச் சாவடி வரையில், நூறு கஜ தூரத்துக்கு, நடந்தே வந்திருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் 2020 முதல் தேனிக்குப் பக்கத்தில் தப்புக்குண்டிலேயே நடக்கிறது. வைத்தியம் நமக்குத் தூரத்தில் இல்லை. ராணியைத் தடவிக்கொடுக்கப் பத்து நிமிஷம் கிடைத்த நமக்கு, சாவடிக்குப் போகப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

டாக்டர் சில சொட்டு மருந்துகள் கொடுத்தார். அவை கிருமியைக் கொல்ல அல்ல. தளர்ந்த உடம்பில் வேறு நோய் தொற்றாமல் இருக்கவும், தெம்புக்கும். மற்றது எல்லாம் பணிவிடைதான்: தனியே வைத்தல், சூடு, தண்ணீர், சுத்தம். அப்படியே திண்ணையை ஒட்டிய சிறு அறையைக் காலி செய்து, பஞ்சாரத்துக்குள் பழைய சாக்கை விரித்து, இரவில் 40 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். வாசலில் சுண்ணாம்புத் தூள் தூவினோம். உள்ளே போக ஒரு செருப்பு, வெளியே வர ஒரு செருப்பு. சாக்கை மூன்று வேளையும் மாற்றி எரித்தோம்.

கோழிக்கு நீர் புகட்டுவது எளிது என்று நினைப்பவர்கள் செய்து பார்க்க வேண்டும். அதன் நாக்கின் அடியிலேயே மூச்சுக் குழாயின் துவாரம் இருக்கிறது. அவசரப்பட்டு ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய், நோய் கொல்லுமுன் நாமே கொன்றுவிடுவோம். இங்க் பில்லரால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைக்க வேண்டும்; அது தானாக விழுங்கும் வரையில் பொறுக்க வேண்டும்; பிறகு அடுத்த சொட்டு. சர்க்கரையும் சிட்டிகை உப்பும் கரைத்த நீர் ஒரு மணிக்கு ஒரு தடவை. நீர்க்கக் கரைத்த கேப்பைக் கூழ் மூன்று மணிக்கு ஒரு தடவை. கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து, முன்பு கொடுத்தது இறங்கியிருந்தால் மட்டுமே மறுபடியும் கொடுக்கலாம். ஒரு கரண்டிக் கூழ் உள்ளே போக அரை மணியாகும். ஆபீஸில் ஒரு கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகரும் வேகத்தைக் கண்டு பழகிய நமக்கு, பொறுமைக்குக் குறைவில்லை.

இரண்டாம் நாள் இரவு ராணியின் மூச்சு மிகவும் மோசமாயிற்று. மலைக் கணவாயிலிருந்து காற்று ஊளையிட்டு வந்து ஜன்னலை அடித்தது. குழந்தை தூங்க மறுத்து நம் அருகில் உட்கார்ந்திருந்தாள். நள்ளிரவில் மெல்லிய குரலில், "அப்பா, ஊசி போட்டிருந்தால் ராணிக்கு இது வந்திருக்காதா?" என்று கேட்டாள்.

"வந்திருக்காது, அம்மா."

"ஊசி ரொம்ப வலிக்கும் என்று சொன்னீர்களே?"

நாம் பதில் சொல்லவில்லை. பஞ்சாரத்துக்குள் ராணி வாயைத் திறந்து ஒரு மூச்சு வாங்கியது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. வலி என்றால் என்ன என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் நம்முடைய வலக் கண் சிவந்து நீர் வடிந்தது. டாக்டருக்குப் போன் செய்தோம். இந்தக் கிருமி மனிதரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றும், கோழியைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டால் சில நாள் எரிச்சல் இருக்கும், தானே மாறிவிடும் என்றும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்படியும் சொன்னார். ராணியின் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, ராணிக்கெட்டேதான்.

அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாளின் குரல் கேட்டது. எப்போதும் கோழிகளை "பே, பே" என்று கூப்பிடும் குரல் அல்ல. எட்டிப் பார்த்தோம். பெரிய சேவல் வாசலில் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. அப்பால் பெட்டைகள் இரண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு நின்றன.

பிறகு நடந்ததை விஸ்தரிக்க விரும்பவில்லை. டாக்டர் நேரில் வந்தார். செய்யக்கூடியதைச் செய்தார். நோய் கண்ட கூட்டத்தில் அவராலும் செய்யக்கூடியது கொஞ்சந்தான். எட்டு நாளில் 18-இல் 15 போயின. பாலிடெக்னிக் சம்பளமாக வளர்ந்த சேவற்குஞ்சுகள் எட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அறுத்து விற்கலாம் என்று யாரோ சொன்னதற்குப் பெரியம்மாள், "இன்னொரு வீட்டுக்கு எதுக்கு அனுப்பணும்?" என்று சொல்லிவிட்டாள். அவள் பேரனும் நாமும் தென்னைமரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். "காத்திலே வந்திருக்கும், தம்பி" என்று அவள் நமக்கு ஆறுதல் சொன்னாள்! நாம் வாயைத் திறக்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற அந்தப் பையனுக்கு முன்னால் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ராணி பிழைத்தது.

ஆறாம் நாள் தானாகத் தண்ணீர் குடித்தது. பத்தாம் நாள் எழுந்து நின்றது. ஆனால் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு விட்டது. நரம்பைத் தாக்கிய நோய் போகும்போது வைத்துவிட்டுப் போகும் அடையாளம் அது. தானியத்தைக் குறிவைத்துக் கொத்தினால் அலகு இரண்டு அங்குலம் தள்ளித் தரையில் விழும். கிண்ணத்தைக் கையில் ஏந்திப் பிடித்தால்தான் உண்ண முடியும். குழந்தை பிடித்தாள், இன்றும் பிடிக்கிறாள். தெருவில் எல்லோரும் நம்முடைய பணிவிடையைப் புகழ்ந்தார்கள். "கோழிக்கு இப்படிப் பார்க்கிற மனுஷரை எங்கே பார்க்கலாம்!" என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் தென்னைமரத்தடிக் குழிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது.

கடைசியில் ஒரு நாள் மாலை, எட்டுச் சேவலின் விலையைக் கணக்கிட்டு ஓர் உறையில் போட்டுக்கொண்டு பெரியம்மாளின் திண்ணைக்குப் போனோம். சந்தைச் சேவலையும், குப்பைமேட்டில் கொட்டியதையும், ஒன்றுவிடாமல் சொன்னோம்.

"தெரியும், தம்பி" என்றாள். "அந்தச் சேவல் இறகு எங்க கொல்லையெல்லாம் பறந்து கிடந்துச்சு. நான்தானே பொறுக்கினேன்."

"ஏன் பெரியம்மா, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

"உங்க பிள்ளை ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அந்த நேரத்துல வந்து, 'உங்களாலேதான் என் கோழி சாகுது'ன்னு சொல்ல முடியுமா? என் கையும்தான் ராணியைத் தொட்டுச்சு. அந்தக் கையாலேதான் நானும் இரை போட்டேன்."

பணத்தை அவள் வாங்க மறுத்தாள். பேரனின் சம்பளத்துக்கு நாள் நெருங்கிவிட்டதை நினைவூட்டினோம். நீண்ட நேரம் யோசித்து, "கடனா வாங்கிக்கிறேன், ஆனா எனக்கு ஒண்ணு செய்யணும்" என்றாள்.

"என்ன?"

"'அடுத்த தடவை பார்க்கலாம்'னு சொன்னீகளே, அந்த அடுத்த தடவை வரும்போது பார்க்கணும்."

அந்த வீட்டில் மூன்று மாதம் புதுக் கோழி வாங்கவில்லை. கூட்டைப் பிரித்து வெயிலில் போட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். நிழலில் உள்ள எச்சத்தில் அந்தக் கிருமி பல வாரம் உயிரோடு இருக்குமாம், வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அஞ்சுமாம். மிஞ்சிய மூன்று பெட்டைகளில் ஒன்று பிறகு அடைக்கு அமர்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. ஏழாம் நாள் அவற்றுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து விட, அட்டைப் பெட்டியோடு மருத்துவமனைக்குப் போனவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். கடன் தை மாதத்துக்குள் தீர்ந்தது. பாதி ரொக்கமாக, பாதி முட்டையாக.

2025 பிப்ரவரியில் ஒலிபெருக்கி ஆட்டோ மறுபடியும் வந்தது. மறுநாள் விடியுமுன் டார்ச் விளக்கும் கூடைகளுமாக நாமும் குழந்தையும் தெருவில் இறங்கினோம். கோழிக்கு வலிக்கும் என்றவரிடம் குழந்தை பேசினாள். நேரமில்லை என்றவரிடம் நாம் பேசினோம். அந்த வியாதியில் நமக்கு நேர் அநுபவம் உண்டல்லவா? எட்டு வீட்டுக் கோழிகள் சாவடிக்குப் போயின. டாக்டர் ஒவ்வொன்றின் இறக்கையையும் விரித்து ஊசி போட்டார். ஒவ்வொன்றும் ஒரு கணம் "கெக்" என்றது. அவ்வளவே வலி.

ராணியையும் கொண்டுபோயிருந்தோம். கோணிய கழுத்தோடு அது டாக்டரை ஏற இறங்கப் பார்த்தது. "இதற்கு நோயே ஊசி போட்டுவிட்டதே, சார்" என்று சொல்லி அவர் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பெரியம்மாள் வாசலில் நின்றாள். கூடைகளை இறக்கி வைத்தோம். ஒவ்வொரு கோழியாக எடுத்து எண்ணி உள்ளே விட்டாள். பன்னிரண்டும் சரியாக இருந்தன. எண்ணி முடித்துவிட்டு, "கை கழுவிட்டுப் போங்க, தம்பி" என்று சொல்லி, செம்பில் தண்ணீரும் ஒரு துண்டுச் சோப்பும் எடுத்துக் கொடுத்தாள்.